ஒரே வைப்ஸ் பெட்டிக்கு ரெண்டு கோடு: ஏ5120-ஆ, ஏ6250-ஆ?

ராத்திரிப்பறவை
செவ்வாய், இரவு 2.40

வணக்கம். அமெரிக்க மருத்துவ பில்லிங்கில், ரேடியாலஜி பக்கம் ரெண்டு வருஷம் ஏஆர் காலராக (வராத பணத்துக்காகக் காப்பீட்டைத் துரத்துபவர்) இருந்தேன். போன மாசம் டிஎம்இ (வீட்டுக்கு அனுப்பும் மருத்துவச் சாதனங்கள்) ப்ராசஸுக்கு மாற்றிவிட்டார்கள். ட்ரெயினிங் மூன்று நாள், அதில் முக்கால்வாசி வீல்சேரும் ஆக்சிஜனும். ஆஸ்டமிக்கும் (வயிற்றில் துளை போட்டுக் கழிவைப் பையில் எடுப்பது) புண் கட்டும் சாமானுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்லைடு. இப்போது என் க்யூவில் வந்து விழுவதெல்லாம் அந்த ஸ்லைடுதான்.

ஒரு க்ளெய்ம் மூன்று நாளாக நகரவில்லை. மெடிகேர் பார்ட் பி, அதாவது அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. பேஷண்ட்டுக்கு இலியாஸ்டமி (சிறுகுடலிலிருந்து எடுத்த ஆஸ்டமி), டயக்னோசிஸ் கோடு இசட்93.2. கூடவே வால் எலும்புப் பக்கம் படுக்கைப்புண், மூன்றாம் நிலை, எல்89.153. சப்ளையர் (எங்கள் க்ளையண்ட்) ஒரே நாளில் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார். லைன்கள் (ஏடபிள்யூ, ஏ1 என்று கோடுக்குப் பின்னால் வருவது மாடிஃபையர், பொருள் எதற்குப் போகிறது என்று சொல்லும் குறி):

ஏ4407 (பையைத் தோலோடு ஒட்டும் பேரியர்), 20 யூனிட்: பணம் வந்தது
ஏ5063 (பை), 20 யூனிட்: வந்தது
ஏ4371 (பவுடர்), 1 யூனிட்: வந்தது
ஏ5120 ஏடபிள்யூ (பேரியர் வைப்ஸ்), 1 யூனிட்: சிஓ-4 (மாடிஃபையர் பொருந்தவில்லை), கூடவே எம்ஏ130
ஏ6212 ஏ1 (ஃபோம் டிரெஸ்ஸிங்), 12 யூனிட்: ஏடிஆர் (கூடுதல் ஆவணம்) கேட்டார்கள், க்ளையண்ட் மூன்று பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினார், பிறகு சிஓ-50 (மருத்துவத் தேவை இல்லை)
ஏ4452 ஏடபிள்யூ (டேப்), 20 யூனிட்: சிஓ-50
ஏ6250 (தோலில் தடவும் சீலண்ட்), 1 யூனிட்: பிஆர்-96 (கவர் ஆகாது, பேஷண்ட் பொறுப்பு)

என்னைக் குழப்புவது இதுதான். டெலிவரி டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஏ5120 லைனும் ஏ6250 லைனும் ஒரே பொருள். ஒரே ஐட்டம் நம்பர். எரிச்சல் தராத பேரியர் வைப்ஸ், 50 இருக்கும் பெட்டி, ரெண்டு பெட்டி. ஒரே பொருளுக்கு ஏன் ரெண்டு கோடு?

டீம் லீட் சொல்வது: "ரெண்டையும் ஏ5120 ஏயூ என்று மாற்றிப் போடு, வந்துவிடும். ஃபோம் லைன் ஹோம் ஹெல்த்தால் (வீட்டுக்கே வரும் நர்ஸ் சேவை) போயிருக்கும், விட்டுவிடு." எனக்கு மனசு ஒப்பவில்லை. யாராவது விளக்குங்கள்.

கம்பளிப்பூச்சி
செவ்வாய், இரவு 2.58

டீம் லீட் சொன்னதைச் செய்யுங்கள். எங்கள் ப்ராசஸிலும் அதே எஸ்ஓபிதான் (வேலை விதிமுறை). ஏ6250 எங்கே பார்த்தாலும் ஏ5120 ஏயூ. பேஷண்ட்டுக்கு ஆஸ்டமி டயக்னோசிஸ் இருந்தால் கேள்வியே வராது.

பழையகோடர்
செவ்வாய், காலை 6.15

ஷிப்ட் முடிந்து திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவை, பொருளின் பெயரைப் பார்க்காதே. அது உடம்பில் எங்கே ஒட்டுகிறது என்று பார். இந்தப் ப்ராசஸில் பாதி டினையல் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவது.

மெடிகேர் சட்டத்தில் தோல் பராமரிப்பு என்று தனியாக ஒரு தலைப்பே கிடையாது. ஸ்டோமா (வயிற்றில் திறந்துவிட்ட குடல் வாய்) பையும் பேரியரும் செயற்கை உறுப்பு என்ற கணக்கில் உள்ளே வருகின்றன. வெட்டி எடுத்த குடல் செய்த வேலையை இப்போது அந்தப் பை செய்கிறது, அதனால். சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தில் 1861(எஸ்)(8). புண்மேல் வைக்கும் டிரெஸ்ஸிங் வருவது வேறு வாசல் வழியாக, 1861(எஸ்)(5). இந்த ரெண்டு வாசலையும் மனசில் வைத்துக்கொண்டு உன் க்ளெய்மைத் திரும்பப் படி.

பை ஒட்டி நிற்க வேண்டுமென்றால் ஸ்டோமாவைச் சுற்றியிருக்கும் தோல் நன்றாக இருக்க வேண்டும். அதனால் பவுடர், பேஸ்ட், வைப்ஸ் எல்லாம் பையின் துணைச் சாமானாக முதல் வாசலில் நுழைந்துவிடுகின்றன. புண் பக்கம் அந்தச் சலுகை இல்லை. அங்கே டிரெஸ்ஸிங் என்றால் புண்ணின் மேலோ உள்ளேயோ வைத்து அங்கேயே விடுவது. புண்ணைச் சுற்றித் தடவும் சீலண்ட், மாய்ஸ்சரைசர், கழுவும் திரவம், துணியை நனைக்கும் சலைன், ஆன்டிபயாடிக் களிம்பு, இவை எதுவும் அந்த விளக்கத்துக்குள் வராது. ஏ6250-க்கும் ஏ6260-க்கும் கோடு உண்டு, காசு கிடையாது. கோடு இருந்தாலே கவரேஜ் இருக்கும் என்று நினைப்பது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன்.

ஆக, ஸ்டோமாவைச் சுற்றித் துடைத்தால் ஏ5120 ஏயூ. படுக்கைப்புண்ணைச் சுற்றித் துடைத்தால் ஏ6250, ஜிஒய் (சட்டப்படி கவர் ஆகாதது என்ற குறி) போட்டு அனுப்பி, பேஷண்ட்டுக்குத்தான் பில். ஒரே பெட்டியாக இருந்தாலும் அப்படித்தான்.

ஏடபிள்யூ என்பது சர்ஜிக்கல் டிரெஸ்ஸிங்கோடு போகும் பொருளுக்கு, டேப் மாதிரி. ஏ5120-க்கு அது பொருந்தாது, சிஓ-4 வந்ததில் ஆச்சரியமில்லை. யூரின், ஆஸ்டமி, ட்ரக்கியாஸ்டமி சாமானோடு போனால் ஏயூ. ஆஸ்டமி பாலிசியில் ஏயூ தேவைப்படுவது ஏ4450, ஏ4452, ஏ5120 மூன்றுக்குத்தான். பை லைனுக்கெல்லாம் ஏயூ போட்டு அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எம்ஏ130 இருப்பதைக் கவனித்தாயா? அந்த லைன் ப்ராசஸே ஆகவில்லை என்று அர்த்தம். அப்பீல் உரிமை கிடையாது. திருத்திப் புது க்ளெய்மாகப் போட வேண்டும், சர்வீஸ் தேதியிலிருந்து 12 மாசத்துக்குள்.

படிக்க வேண்டியவை: ஆஸ்டமிக்கு எல்சிடி (மெடிகேரின் கவரேஜ் விதித்தாள்) எல்33828, அதன் ஆர்ட்டிகிள் ஏ52487. டிரெஸ்ஸிங்குக்கு எல்33831, ஆர்ட்டிகிள் ஏ54563. எல்லோரும் எல்சிடியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கோடிங் விதியெல்லாம் ஆர்ட்டிகிளில்தான் இருக்கிறது.

ராத்திரிப்பறவை
செவ்வாய், காலை 6.40

அண்ணா, இப்போதுதான் தலை கொஞ்சம் தெளிகிறது. யூனிட்டில் சந்தேகம். பெட்டிக்கு 1 என்றுதான் சார்ஜ் என்ட்ரியில் போட்டிருக்கிறார்கள். பவுடருக்கும் 1. அது சரியா?

கோவைக்காரி
செவ்வாய், காலை 10.20

பவுடர் சரி, வைப்ஸ் தப்பு.

யூனிட் என்றால் பெட்டி இல்லை, கோடின் விளக்கத்தில் கடைசியில் இருக்கும் சொல். ஏ5120 "ஒவ்வொன்றும்" என்று முடிகிறது. 50 வைப்ஸ் அனுப்பினால் 50 யூனிட். ஏ4371 "ஒரு அவுன்ஸுக்கு". சின்ன பவுடர் டப்பாவில் ஏறக்குறைய 28 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ், அதனால் 1. பேஸ்ட் ட்யூப் ரெண்டு அவுன்ஸ் என்றால் ஏ4406-க்கு 2 போட வேண்டும், பாதிப்பேர் 1 போட்டு க்ளையண்ட் காசைப் பாதியாக்கிவிடுவார்கள். பசை நீக்கும் வைப்ஸ் முன்பு 50-க்கு ஒரு யூனிட்டாக ஏ4365-இல் இருந்தது. 2010-இல் அதை எடுத்துவிட்டு ஏ4456 கொண்டுவந்தார்கள், அது ஒவ்வொன்றுக்கும். பழைய ஐட்டம் மாஸ்டரை (பொருள், கோடு பட்டியல்) திருத்தாமல் கோடை மட்டும் மாற்றிய இடங்களில் இன்னமும் பெட்டிக்கு 1 என்றே போகிறது.

டேப்தான் எனக்குப் பிடித்த கணக்கு. ஏ4450, ஏ4452 ரெண்டும் 18 சதுர அங்குலத்துக்கு ஒரு யூனிட். ஒரு அங்குல அகலம், 10 கெஜம் நீளம் உள்ள ரோல் எடுத்துக்கொள்ளுங்கள். 10 கெஜம் 360 அங்குலம். 360 சதுர அங்குலத்தை 18-ஆல் வகுத்தால் 20. உங்கள் க்ளெய்மில் 20 போட்டவர் கணக்கில் புலி. ஆனால் ஏ6212 என்பது ஓரத்திலேயே பசை உள்ள ஃபோம். அதன் மேல் டேப் எதற்கு? பசை ஓரம் உள்ள டிரெஸ்ஸிங்குக்கு வழக்கமாக டேப் தேவையில்லை என்று எல்சிடியே சொல்கிறது. சிஓ-50 வந்தது நியாயம்தான்.

இன்னொன்று. ஏ5120-க்கு வழக்கமான உச்ச அளவு 6 மாசத்துக்கு 150. மாசத்துக்கு 25 வைப்ஸ். உங்கள் டீம் லீட் சொன்னபடி ரெண்டு பெட்டியையும் ஏ5120 என்று மாற்றினால் ஒரே மாசத்தில் 100 யூனிட். சிஓ-151 (இவ்வளவு அளவுக்கு ஆதாரம் இல்லை) நேராக வந்து நிற்கும். ஸ்ப்ரே வடிவில் ஏ4369-உம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஸ்ப்ரே அல்லது வைப்ஸ், ரெண்டில் ஒன்றுக்குத்தான் காசு.

ஃபோம் லைன் ஹோம் ஹெல்த்தால் போயிருக்கும் என்றாரே, அதுவும் இல்லை. ஹோம் ஹெல்த் நடந்துகொண்டிருந்தால் பையும் பேரியரும்கூட அந்த ஏஜென்சியின் கணக்கில்தான் சேரும், சப்ளையருக்குத் தனியாக வராது. உங்களுக்கு ஏ4407-உம் ஏ5063-உம் வந்திருக்கிறதே. வேறு காரணம் தேடுங்கள்.

கம்பளிப்பூச்சி
செவ்வாய், இரவு 11.35

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். ஒரு மனுஷனுக்கு வயிற்றில் இருக்கும் தோலும் இடுப்பில் இருக்கும் தோலும் வேறு வேறா? ரெண்டு இடத்திலும் ஈரம் பட்டுத் தோல் வெந்து போகிறது. ஒரே வைப்ஸால் ரெண்டும் ஆறுகிறது. ஒன்றுக்கு அரசாங்கம் 80 சதவீதம் கொடுக்கும், இன்னொன்றுக்குக் கிழவரே கட்ட வேண்டுமாம். கோடை மாற்றிப் போட்டால் அவருக்கு ஒரு பெட்டி மிச்சம். இதில் யார் வயிற்றில் அடிக்கிறோம்?

பழையகோடர்
புதன், அதிகாலை 1.10

கேள்வி நியாயம். எனக்கும் அந்த எல்லைக்கோடு போட்ட இடம் பிடிக்காது. சட்டம் எழுதியபோது டிரெஸ்ஸிங் என்றால் துணிக்கட்டுதான் நினைவில் இருந்திருக்கும்போல.

ஆனால் தம்பி, க்ளெய்மில் நீ போடும் கோடு ஒரு கருத்து இல்லை, ஒரு வாக்குமூலம். "இந்தப் பொருள் ஸ்டோமாவுக்குப் போனது" என்று சப்ளையர் சார்பில் நீ எழுதுகிறாய். போகவில்லை என்று உனக்குத் தெரிந்தே எழுதினால் அதற்கு அங்கே பொய் க்ளெய்ம் என்று பெயர். அதற்கான சட்டம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-இல், ராணுவத்துக்குச் சாமான் விற்று ஏமாற்றியவர்களைப் பிடிக்க வந்தது. இன்றும் மூன்று மடங்கு நஷ்டஈடும் தனி அபராதமும் அதில் உண்டு. கிழவருக்கு ஒரு பெட்டி மிச்சம் என்கிறாய். ஆடிட் வந்தால் அந்த எஸ்ஓபி போன ஒவ்வொரு க்ளெய்மையும் எடுத்து வைத்து எண்ணுவார்கள்.

எஸ்ஓபியில் எழுதியிருக்கிறது என்றாயே, யார் எழுதியது? மெயிலில் இருக்கிறதா, இல்லை யாரோ வாயால் சொன்னதா? முதலில் அதைத் தேடிப் பிடி.

எடிசன்வாசி
புதன், அதிகாலை 4.25

மன்னிக்கவும், நான் உங்கள் துறை இல்லை. நியூஜெர்சியில் ஐடி வேலை. தேடும்போது இந்த இழை வந்தது, என் வீட்டுக் கதையாகவே இருக்கிறது.

அப்பா என்னோடு இருக்கிறார். கிரீன் கார்டு வந்து ஐந்து வருஷம் முடிந்ததும் மெடிகேர் எடுத்தோம், ஒரிஜினல் மெடிகேர்தான். பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கொலாஸ்டமி. காலில் ஆறாத புண் ஒன்று, க்ளினிக்கில் மாசம் ஒருமுறை சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். சப்ளையரிடமிருந்து வரும் பில்லில் வயிற்றுக்கு வரும் வைப்ஸுக்கு 20 சதவீதம்தான் எங்கள் பங்கு. கால் புண்ணுக்கு வரும் அதே வைப்ஸுக்கு முழுக்காசு. போன் செய்தால் "கவர் ஆகாது சார்" என்று மட்டும் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி ரெண்டு. முன்கூட்டியே கையெழுத்து வாங்காமல் எங்களிடம் முழுக்காசு கேட்கலாமா? கால் புண்ணுக்கு ஃபோம் மட்டும் எப்படிக் கவர் ஆகிறது?

கோவைக்காரி
புதன், காலை 10.05

எடிசன் அண்ணா, ஏமாற்றவில்லை. நீங்கள் சொல்லும் கையெழுத்துத் தாளின் பெயர் ஏபிஎன். ஒரு பொருள் வழக்கமாகக் கவர் ஆகும், இந்தத் தடவை தேவையில்லை என்றோ அளவு அதிகம் என்றோ மெடிகேர் மறுக்கலாம் என்ற நிலையில்தான் அது கட்டாயம். சட்டத்திலேயே வெளியே நிற்கும் பொருளுக்குக் கட்டாயமில்லை. ஏ6250 அந்த வகை. வேறு துணைக் காப்பீடு இருந்தால் ஜிஒய் போட்ட க்ளெய்மை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மெடிகேர் மறுத்த தாளைக் காட்டினால் சில திட்டங்கள் பார்க்கும்.

ஃபோம் கவர் ஆவதற்குக் காரணம் அந்தச் சுரண்டல்தான். புண் ஆபரேஷனால் வந்ததாகவோ ஆபரேஷனால் சரிசெய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை டிப்ரைட் (சுரண்டிச் சுத்தம்) செய்திருக்க வேண்டும். தோல் உரிந்த காயம், முதல் நிலை படுக்கைப்புண், லேசான தீக்காயம் இதெல்லாம் சேராது.

டெக்ஸஸ்_சிஸ்டர்
புதன், இரவு 9.50

நான் பில்லிங் ஆள் இல்லை, பதினோரு வருஷமாக ஸ்டோமாவும் புண்ணும் பார்க்கும் நர்ஸ். நீங்கள் யாரும் பேஷண்ட்டைப் பார்ப்பதில்லை, நாங்கள் யாரும் க்ளெய்மைப் பார்ப்பதில்லை. அதனால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பறவை, உங்கள் பேஷண்ட்டுக்கு இலியாஸ்டமி. சிறுகுடலிலிருந்து நேராக வருவது தண்ணீராக இருக்கும், செரிமான நீரோடு வரும். பேரியருக்கு அடியில் கொஞ்சம் கசிந்தாலும் சில மணி நேரத்தில் தோல் சிவந்து, உரிந்து, ஈரம் கசியும். ஈரத் தோலில் பேரியர் ஒட்டாது. ஒட்டாததால் மறுபடி கசியும். இந்தச் சுழலை உடைக்க நாங்கள் செய்வதற்கு க்ரஸ்டிங் என்று பெயர். கழுவி, ஒற்றி உலர்த்தி, ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத பவுடரை விரலால் தட்டிவிட்டு, எரிச்சல் தராத வைப்ஸால் அதன் மேல் ஒற்றி எடுப்போம். தேய்க்கக் கூடாது. காய்ந்ததும் இன்னொரு அடுக்கு. ரெண்டு, மூன்று அடுக்கு ஆனதும் தோல் மேல் ஒரு மெல்லிய வெள்ளை ஓடு மாதிரி நிற்கும். அதன் மேல்தான் பேரியர்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு தடவை மாற்ற மூன்று வைப்ஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் மாசத்துக்கு 45. கோவைக்காரி சொன்ன 25 எப்போதோ தாண்டிவிட்டது, அதில் தப்பே இல்லை. ஆனால் டாக்டர் நோட்டில் "ஆஸ்டமி நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் யார் நம்புவார்கள்? ஸ்டோமாவைச் சுற்றித் தோல் எவ்வளவு உரிந்திருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, ஏன், என்று எழுதியிருக்க வேண்டும். தோல் வெந்ததற்கே தனி டயக்னோசிஸ் கோடு உண்டு, எல்24.பி3, மலம் அல்லது சிறுநீர் ஸ்டோமாவால் வரும் தோல் அழற்சி. அதை யாரும் போடுவதே இல்லை. நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஃபோமுக்கும் அதே கதை. ஃபோம் வைப்பது ஆழமான புண்ணுக்கு, ஓரளவோ அதிகமாகவோ நீர் வடியும்போது. வாரத்துக்கு மூன்று முறை மாற்றலாம். மூன்றாம் நிலை என்று கோடு இருந்தும் சிஓ-50 வந்திருக்கிறது என்றால் நோட்டில் நீர் வடிதலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை. ஆபரேஷன் முடிந்த புதிதில் சிலருக்கு ஸ்டோமாவுக்கும் தோலுக்கும் நடுவே போட்ட தையல் விட்டுப்போகும். அந்தப் பள்ளத்தில் ஆல்ஜினேட் (நீர் உறிஞ்சும் டிரெஸ்ஸிங்) திணித்து, அதன் மேல் பேரியர் ஒட்டுவோம். உங்கள் கணக்குப்படி பள்ளத்தில் இருக்கும் ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங் வாசல், அதன் மேல் கிடக்கும் பேரியர் செயற்கை உறுப்பு வாசல். நடுவில் ஒரு இஞ்சு இடைவெளிகூடக் கிடையாது. எங்களுக்கு அது ஒரே வேலை, ஒரே பத்து நிமிஷம்.

பழையகோடர்
வியாழன், அதிகாலை 2.20

சிஸ்டர், பதினைந்து வருஷமாக இதே கோடுகளைப் பார்க்கிறேன். பவுடரும் வைப்ஸும் ஒன்றாக ஏன் ஆர்டரில் வருகின்றன என்று இன்றுதான் தெரிந்தது. ரெண்டும் ஒரே வேலைக்கு என்று நினைத்துக் க்ளையண்ட்டிடம் கேள்விகூடக் கேட்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

பறவை, ஆல்ஜினேட் விஷயத்தைக் குறித்துக்கொள். அந்த லைனுக்கு ஏ1 போட வேண்டும், ஒரு புண் என்று அர்த்தம். ஏ1 முதல் ஏ9 வரை பேஷண்ட்டுக்கு எத்தனை புண் என்பதைச் சொல்வதில்லை, அந்த டிரெஸ்ஸிங் எத்தனை புண்ணுக்குப் போகிறது என்பதைத்தான் சொல்கிறது. மூன்று புண் இருந்து ரெண்டுக்கு மட்டும் ஃபோம் என்றால் ஏ2.

கோவைக்காரி
வியாழன், காலை 11.15

ஹோம் ஹெல்த் பற்றி ஆரம்பித்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், வேறு கம்பெனியில்.

ஒரு அம்மாவுக்கு மூன்று மாசத்துக்கான ஆஸ்டமி சாமான் போனது. வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று மாசம் வரை அனுப்பலாம், அதனால் 60 பை, 60 பேரியர். எல்லாம் ஒழுங்கு. பணமும் வந்தது. நான்கு மாசம் கழித்து ஒரு காலை முழுப்பணமும் திரும்ப எடுக்கப்பட்டிருந்தது. ரிமிட்டில் (பண விவரத் தாள்) என்70, அதாவது ஏஜென்சியின் கணக்கில் சேர வேண்டியது என்ற குறி. டெலிவரிக்கு ஐந்து நாள் முன்னால் அந்த அம்மாவுக்கு முட்டி வலிக்காக ஹோம் ஹெல்த் தொடங்கியிருக்கிறது. முட்டிக்குத்தான், வயிற்றுக்கே சம்பந்தமில்லை. ஆனாலும் பையெல்லாம் ஏஜென்சியின் பொறுப்பாகிவிட்டது. ஏஜென்சி அவர்கள் க்ளெய்மைத் தாமதமாகப் போட்டதால் நாங்கள் பார்த்தபோது சிஸ்டத்தில் எதுவும் இல்லை.

அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ரீஃபில் கேட்டுப் போன் செய்தவர் "சாமான் இன்னும் எத்தனை மிச்சம்" என்று கேட்டிருக்கிறார், "வீட்டுக்கு நர்ஸ் யாராவது வருகிறார்களா" என்று கேட்கவில்லை. 2024 முதல் கையிருப்பு தீர 30 நாள் இருக்கும்போதே ரீஃபில் கேட்டுப் போன் செய்யலாம், ஆனால் 10 நாளுக்கு முன்னால் அனுப்பக் கூடாது. அந்த இடைவெளியில் என்ன வேண்டுமானாலும் மாறும். அதனால் போன் செய்யும்போது ஒருமுறை, அனுப்பும் நாளில் எலிஜிபிலிட்டி (காப்பீட்டு நிலை) ஒருமுறை. டிரெஸ்ஸிங்குக்கு இன்னும் கவனம் வேண்டும், புண் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு மாசத்துக்கு மேல் அனுப்புவதே இல்லை.

ராத்திரிப்பறவை
அடுத்த வாரம் வெள்ளி, இரவு 3.30

எல்லோருக்கும் நன்றி. க்ளையண்ட்டிடம் டாக்டர் நோட்டும் ஆர்டரும் கேட்டு வாங்கினேன். ஃபேக்ஸில் போன மூன்று பக்கத்தில் ஸ்டோமா கிளினிக் நோட் இல்லவே இல்லை, அது தனி ஃபைலில் கிடந்திருக்கிறது.

அதில் சிஸ்டர் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஸ்டோமாவைச் சுற்றி ரெண்டு செண்டிமீட்டருக்குத் தோல் உரிந்திருக்கிறது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், பவுடரும் வைப்ஸும் அடுக்கடுக்காகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்டரிலும் "பேரியர் வைப்ஸ், 50" என்று அளவோடு இருக்கிறது. அதனால் ஒரு பெட்டி ஏ5120 ஏயூ, 50 யூனிட், புது க்ளெய்ம். நோட்டைக் கையில் தயாராக வைத்திருக்கிறேன், அளவு அதிகம் என்று கேட்டால் கொடுக்கலாம்.

ரெண்டாவது பெட்டி புண்ணுக்குத்தான். புண் கிளினிக் ஆர்டரில் தெளிவாக எழுதியிருக்கிறது. அது ஏ6250 ஜிஒய், அப்படியே.

ஃபோம்தான் வருத்தம். நோட்டில் ஆழம் இருக்கிறது, அளவு இருக்கிறது, நீர் வடிதல் "மிகக் குறைவு" என்று இருக்கிறது. சிஓ-50 சரி. 120 நாளுக்குள் அப்பீல் போகலாம்தான், ஆனால் எதைக் காட்டுவது? க்ளையண்ட் ரைட்ஆஃப் செய்துவிட்டார். டேப்பும் அதோடு போனது.

முதலில் ரெண்டு கோடு எப்படி வந்தது என்று விசாரித்தேன். ஐட்டம் மாஸ்டரில் அந்த வைப்ஸ் ரெண்டு தடவை ஏற்றப்பட்டிருக்கிறது, கிடங்கில் இருப்பவர் எது முதலில் வருகிறதோ அதைத் தேர்வு செய்கிறார். டீம் லீட் முதலில் முறைத்தார். சிஓ-151 கணக்கைக் காட்டியதும் அமைதியாகிவிட்டார். இப்போது சார்ஜ் என்ட்ரி ஷீட்டில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: "எங்கே ஒட்டுகிறது". பழையகோடர் அண்ணா, உங்கள் வார்த்தையேதான்.

கம்பளிப்பூச்சி
வெள்ளி, இரவு 3.52

எங்கள் எஸ்ஓபியைத் தேடினேன். எழுத்தில் எங்கேயும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப்போன ஒருவர் சொன்னதாம். கம்ப்ளையன்ஸுக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

பழையகோடர்
வெள்ளி, இரவு 3.58

அனுப்பு. சிசியில் டீம் லீடையும் போடு.

ராத்திரிப்பறவை
வெள்ளி, அதிகாலை 4.40

ஆபீஸ் கேப் வந்துவிட்டது. போகும் முன் ஒன்று. அடுத்த க்ளெய்ம் ட்ரக்கியாஸ்டமி, அதிலும் இதே டேப், ஏ4450. ஏயூதானே?

கோவைக்காரி
வெள்ளி, காலை 9.30

ஏயூதான். ரோல் எத்தனை அங்குல அகலம் என்று பார்த்துவிட்டு யூனிட் போடுங்கள்.